டெர்மினல் பதிவு: வகுப்பறைக்கும் தணிக்கைக்கும் நடுவே

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே வந்தால் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜோஹோ வளாகம். அதே சாலை அச்சிறுப்பாக்கம் தாண்டி, ஒலக்கூர்ப் பகுதியைக் கடந்து, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்குப் போகிறது. சாலையின் வடக்கே, சர்வருக்குள் நுழைந்த நிர்வாகி என்னென்ன செய்தார் என்பதைப் பதிவுசெய்யும் மென்பொருள் உருவாகிறது. தெற்கே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, அந்த நிர்வாகி கட்டளை தட்டும் அதே கறுப்புத் திரையை, அதாவது டெர்மினலை, கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறது. டெர்மினல் பதிவின் வரலாறு முழுக்க இந்த இரு தரப்புக்கும் நடுவில்தான் ஓடியிருக்கிறது.

முதலில் பதிவு என்று தனியாக ஒன்று தேவைப்படவே இல்லை. 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33, வினாடிக்கு 10 எழுத்து வேகத்தில் எல்லாவற்றையும் தாளிலேயே அடித்தது, வேண்டியதைக் கிழித்துக்கொள்ளலாம். திரை வந்தபின் மேலே உருண்டுபோன வரி போனதுதான். 1979இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 3பிஎஸ்டி யுனிக்ஸில் சேர்ந்த 'ஸ்கிரிப்ட்' கட்டளை அந்தத் தாளைத் திருப்பித் தந்தது. பயனருக்கும் ஷெல்லுக்கும் இடையில் உட்கார்ந்து, திரைக்குப் போவதையெல்லாம் 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற கோப்பில் நகலெடுத்தது. இன்றைய லினக்ஸிலும் அது இருக்கிறது.

1986இல் பெர்க்லியின் லாரன்ஸ் ஆய்வுக்கூடத்தில் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. காரணம் தேடிய கிளிஃபோர்ட் ஸ்டோல், யாரோ உள்ளே புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஆளைப் பதிவுசெய்ய அவர் எந்த நிரலையும் நம்பவில்லை. கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியவருக்கு எந்த நிரலும் கண்ணில் பட்டுவிடும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளிலேயே பிரிண்டர்களை மாட்டினார். ஜெர்மனியிலிருந்த ஊடுருவியின் ஒவ்வொரு கட்டளையும் தாளில் விழுந்தது. கண்காணிப்புப் பதிவு என்றால் இன்றும் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்தப் பதிவுகளில் எழுத்து சேமிக்கப்பட்டது, நேரம் சேமிக்கப்படவில்லை. அந்தக் குறையை 2000 வாக்கில் ஜப்பானின் சதோரு தகபயாஷி எழுதிய 'டிடிஒய்ரெக்' தீர்த்தது. 'நெட்ஹேக்' விளையாடுபவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பிறருக்குக் காட்ட அதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். லினக்ஸின் 'ஸ்கிரிப்ட்ரீப்ளே' வேறு வழியில் போனது, நேரத்தைத் தனிக் கோப்பிலிருந்து படித்தது. அதற்கான நேரக் கோப்பில் '0.42 7' என்றொரு வரி இருந்தால், 0.42 வினாடி பொறுத்து அடுத்த 7 பைட்டைத் திரைக்கு அனுப்பு என்று பொருள். தட்டுத்தடுமாறி அழித்து எழுதியதும், யோசித்து நின்றதும் அப்படியே திரும்ப ஓடும். கற்பவருக்கு அந்தத் தயக்கமே பாதிப் பாடம்.

போலந்தின் மார்சின் குலிக் தொடங்கிய 'ஆஸ்கிநேமா' இதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பதிவு வீடியோ அல்ல, நேரம் குறித்த வெறும் எழுத்து. கோப்பு சிறியது, ஓடும்போதே நிறுத்திக் கட்டளையைக் காப்பி எடுக்கலாம். தமிழ் வந்தால்தான் சிக்கல். யுடிஎஃப்-8 முறையில் 'கொ' என்பது ஆறு பைட். இரண்டாவது எழுத்துக்கூறு முழுதாக வரும்முன் நான்காவது பைட்டோடு வாசிப்பு அறுந்தால், மிச்சம் வரும்வரை பதிவு நிரல் அதைக் கையில் பிடித்துவைத்திருக்க வேண்டும். அதைச் சமாளித்தாலும், சம அளவுக் கட்டங்களால் ஆன டெர்மினல் திரையில் தமிழ் எழுத்துகள் அடிக்கடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

தமிழில் லினக்ஸ் பாடங்கள் வீடியோ பக்கம் சாய்ந்ததற்கு எழுத்துருச் சிக்கல் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் ஐஐடி பாம்பே உருவாக்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள், திரைப்பதிவின் மேல் தமிழ்க் குரலை ஏற்றின. பத்து நிமிட அளவிலான பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் மாணவர் செய்துபார்ப்பார். கட்டளையைக் காப்பி எடுக்க முடியாது, டேட்டாவும் கூடுதலாகச் செலவாகும். ஆனால் இதை ஏன் அடிக்கிறோம் என்று சொல்ல ஒரு குரல் உண்டு. எழுத்துப் பதிவு என்னதான் கச்சிதமாக இருந்தாலும் ஊமைதான்.

தணிக்கைக்கு அந்த ஊமைத்தனம் தடையே இல்லை. 2010இல் 'சூடோ' நிரல், உயர் அதிகாரத்தோடு ஓடும் அமர்வுகளைப் பதிவுசெய்து 'சூடோரீப்ளே' மூலம் திரும்பப் பார்க்கும் வசதியைச் சேர்த்தது. ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு விற்கும் 'பாஸ்வேர்ட் மேனேஜர் ப்ரோ' எஸ்எஸ்எச் அமர்வுகளைப் பதிந்து மறுஓட்டம் தருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னது. டெர்மினல் பதிவைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை என்றாலும், எந்த நிர்வாகி எப்போது என்ன செய்தார் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டிய நெருக்கடி நிறுவனங்களுக்குக் கூடியிருக்கிறது.

கற்பித்தல், தணிக்கை என்ற இரு பயன்பாடுகளும் பிரியும் இடம் விசைப்பலகை. பழைய 'ஸ்கிரிப்ட்' திரையில் வந்ததை மட்டுமே பதிந்தது. கடவுச்சொல் திரையில் தெரியாது, ஆகவே கோப்பிலும் இராது. லினக்ஸில் அந்தக் கட்டளையைத் தரும் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் 2020இல் வந்த 2.35 பதிப்பில், தட்டியதையும் தனியே பதியும் வசதி சேர்ந்தது. திரையில் மறைக்கப்படும் கடவுச்சொல்லும் இதில் விழும், கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.