காவலர் பயிற்சித் தேர்வு: திருப்பூர் வட்டாரம்

காவலர் பயிற்சித் தேர்வு என்பது தமிழ்நாடு காவல்துறையில் புதிதாகச் சேர்ந்தவர் பயிற்சிக் காலத்தில் சட்டம், காவல் நிலைய நடைமுறை, கவாத்து, ஆயுதப் பயிற்சி, முதலுதவி ஆகியவற்றில் தேற வேண்டிய தேர்வு. திருப்பூரில் ‘போலீஸ் எக்ஸாம்’ என்று சொன்னால் பனியன் கம்பெனிப் பையன்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இது அல்ல. ஆளெடுப்பதற்காகத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எழுத்துத் தேர்வையே அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். வாரியத் தேர்வில் பள்ளிப் பாடம் கேட்கப்படும். பயிற்சித் தேர்வில்தான் சட்டப் புத்தகம் கைக்கு வரும். ஏற்கெனவே காவலராக இருந்து சார்பு ஆய்வாளர் பதவிக்கான 20 சதவீத துறை ஒதுக்கீட்டில் எழுதுகிறவர்கள் மூன்றாவது வகை. அவர்கள் பணிக்கு நடுவே சட்டத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள்.

வாரியத் தேர்வு

1991இல் அமைந்த வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் ஒரே தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முதல் பகுதி தமிழ் மொழித் தகுதித் தேர்வு. 80 கேள்விகளில் 40 சதவீதம் எடுக்காதவருடைய அடுத்த தாள் திருத்தப்படாது. முதன்மைத் தேர்வுக்கு 70 மதிப்பெண்: பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. பிறகு உடற்தகுதி. பொதுப் பிரிவு ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறுதலில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நாள் முழுக்க ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவருக்குத் தோளும் முழங்கையும் அத்தனை சுலபத்தில் ஒத்துழைக்காது.

இந்த வட்டாரத்தில் படிப்புக்குக் கிடைக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது ஷிப்ட் கணக்கு. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட்; இரவு 8.30 வரை நின்றால் ஒன்றரை. ஆர்டர் முடியும் வாரங்களில் ஒன்றரைக்குக் கீழே யாரையும் விடுவதில்லை. ஆகவே ஓட்டம் விடியற்காலையில், படிப்பு இரவில் என்று ஆகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவச வகுப்பு நடத்துகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வகுப்பு இலவசமானாலும் அங்கே உட்காரும் நேரத்துக்குக் கூலி போய்விடும். பொது அறிவுக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களே அடிப்படை. 1932 ஜனவரியில் கொடியோடு சென்ற ஊர்வலத்தில் தடியடி பட்டு இறந்த திருப்பூர் குமரன் அந்தப் புத்தகங்களில் உண்டு. காவலராகப் போகிறவர் காவலரின் தடியடியில் இறந்தவரைப் பற்றிப் படித்து மதிப்பெண் வாங்குவது இந்தத் தேர்வில் எனக்குப் பிடித்த பகுதி.

பயிற்சிப் பள்ளி

தேர்வானவர்கள் காவலர் பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் இருப்பது கோவைப் பள்ளி, பி.ஆர்.எஸ். மைதானம் என்றால் கோவையில் யாரும் வழி காட்டுவார்கள். நேரடி சார்பு ஆய்வாளர்களுக்கு வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகத்தில் ஓராண்டுப் பயிற்சி. காவலர் பள்ளியில் காலை கவாத்து, பிறகு சட்ட வகுப்பு. விடியலுக்கு முன்பே எழுந்து மைதானத்தில் களைத்தவர்கள் பகல் வகுப்பில் கண்ணயர்வது இயல்பு. அந்தத் தூக்கத்துக்கு நடுவேதான் கைது, சோதனை, விசாரணை, சாட்சியம் எல்லாம் மண்டையில் ஏற வேண்டும்.

சட்டத்தோடு காவல் நிலையாணைகளும் பாடம். பொது நாட்குறிப்பு, வழக்கு நாட்குறிப்பு, மனு ரசீதான சி.எஸ்.ஆர்., பார்வை மகஜர், மாதிரி வரைபடம், கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95 ஆகியவை நிலைய எழுத்தரின் அன்றாட வேலை. தேர்வுக்குப் படிப்பவர்கள் இவற்றைத்தான் அலட்சியம் செய்கிறார்கள், பிறகு நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் இவற்றால்தான் மாட்டுகிறார்கள். வெளிநாட்டுத் தேர்வு முறையையும் பார்க்கலாம்: அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் காவலர் தகுதி வாரியங்கள் உண்டு. கலிபோர்னியாவின் வாரியம் 1959இல் தொடங்கியது. அங்கே எழுத்துத் தாளோடு, நடிகர்களை வைத்து ஒரு சம்பவத்தை நடத்திக் காட்டி, பயிற்சி பெறுபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்றும் பார்க்கிறார்கள். நம்முடைய தேர்வும் அந்தத் திசையில் போக வேண்டும் என்பது என் கருத்து.

எண் மாறிய சட்டங்கள்

2024 ஜூலை 1 அன்று மூன்று சட்டங்கள் ஒரே நாளில் மாறின. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் (511 பிரிவுகள்) போய் பாரதிய நியாய சன்ஹிதா (358), 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (531), 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (170) நடைமுறைக்கு வந்தன. வாயில் நுழையாததால் எல்லாரும் பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்கிறார்கள்.

கொலை என்றால் 302 என்று ஊரே அறியும். இப்போது அது 103. புதிய சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு உரியது. ஊரடங்குக்கும் கூட்டத் தடைக்கும் சொல்லப்பட்ட 144 இப்போது 163. புதிய 144 மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். முதல் தகவல் அறிக்கை 154இலிருந்து 173க்குப் போயிற்று, மோசடியின் 420 இப்போது 318இன் உட்பிரிவு 4. பழைய சட்டத்தையும் தூக்கிப் போட முடியாது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். துறை ஒதுக்கீட்டில் எழுதும் ஏட்டுகளுக்கு இதுதான் பெரிய தலைவலி.

எண் ஒப்பீட்டு அட்டவணையை ஒட்டுமொத்தமாக மனப்பாடம் செய்வதே தயாரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான்.

துணி பண்டல் ஒரு குற்றமாகும்போது

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் ஒருவரிடம், நிட்டிங் இன்னொருவரிடம், சாயம் மூன்றாமவரிடம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பண்டல் கைமாறிக்கொண்டே இருக்கும். பாதி நேரம் ரசீது ஒரு துண்டுச் சீட்டு, மீதி நேரம் போன் பேச்சு. இப்படிப்பட்ட ஊரில் ‘துணியைக் காணோம்’ என்று ஒருவர் நிலையத்துக்கு வந்தால் அது என்ன குற்றம் என்பது லேசான கேள்வி இல்லை.

குடோன் ஜன்னலை உடைத்து யாரோ தூக்கிப் போனால் திருட்டு, கூடவே கட்டடம் புகுந்த குற்றம். கம்பெனி ஊழியரே எடுத்துப் போனால் பிரிவு 306, தண்டனை 7 ஆண்டு வரை. சாதாரணத் திருட்டுக்கு (பிரிவு 303) அது 3 ஆண்டு வரைதான். தைத்துத் தருகிறேன் என்று வாங்கிய ஜாப் ஒர்க் யூனிட்காரர் துணியை வெளியே விற்றுவிட்டால் திருட்டே அல்ல. பொருள் அவர் கையில் முறையாக வந்தது. பிறகுதான் எண்ணம் மாறியது. அது நம்பிக்கை மோசடி, பிரிவு 316. வாங்கும்போதே தருகிற எண்ணம் இல்லாமல், இல்லாத கம்பெனி பெயரைச் சொல்லி வாங்கியிருந்தால் 318. தைத்துக் கொடுத்து, கூலி பாக்கிக்காகத் துணியைப் பிடித்து வைத்திருந்தால் அநேகமாக அது குற்றமே இல்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய கொடுக்கல் வாங்கல்.

ஒரே பண்டல் என்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: துணி கை மாறிய நேரத்தில் வாங்கியவர் மனதில் என்ன இருந்தது? அதற்குப் பதில் தெரிந்தால் பிரிவு எண் தானாக வரும்.

அடுத்த கட்டம் வழக்குப் பதிவு. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் வழக்குப் பதிந்தே தீர வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிகத் தகராறு போன்ற சிலவற்றுக்கு மட்டும் முன் விசாரணைக்கு இடம் விட்டது. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(3) அதற்கு வரம்பு கட்டுகிறது: 3 ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு, 14 நாளுக்குள் முன் விசாரணையை முடிக்கலாம். திருப்பூர் மாநகரில் அந்த அனுமதி தருபவர் உதவி ஆணையர்; மாநகரக் காவல் ஆணையரகம் 2014இல் வந்தது, பல்லடமும் அவிநாசியும் உடுமலையும் மாவட்டக் காவலின் கீழ்தான். இப்போது பண்டலுக்கு வாருங்கள். 316(2)க்குத் தண்டனை 5 ஆண்டு வரை. ஆகவே முன் விசாரணைக்கு இடம் உண்டு. 318(4)க்கு 7 ஆண்டு வரை. அந்த வாசல் மூடியது. மேலோட்டமாகப் படித்தவர் இந்த இடத்தில்தான் சறுக்குவார்.

கைதும் அப்படியே. 7 ஆண்டு வரையிலான தண்டனைக் குற்றத்தில் உடனே கைது என்பது விதி அல்ல, பி.என்.எஸ்.எஸ். பிரிவு 35(3)இன்படி ஆஜராகச் சொல்லி அறிவிப்புக் கொடுப்பதே விதி. 2014இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு இதை அழுத்திச் சொன்னது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைது பற்றி டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. 2020இல் சாத்தான்குளத்தில் கடை மூடும் நேரம் பற்றிய சச்சரவில் கைதான தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு, இந்தப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிப்பது போதாது.

கேமராவும் சதியும்

மின்னணுச் சாட்சியத்துக்கு இந்த மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், பொறியியல் மாணவர் சங்கர் சாதியின் பேரால் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். கண்காணிப்பு கேமராவில் எல்லாம் பதிவாகி, நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்து, கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது. அவர் மீதான சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றது.

தேர்வுக்குப் படிப்பவர் இதில் கவனிக்க வேண்டியது: வெட்டியவர் யார் என்பதைக் கேமரா காட்டும், ஏவியவர் யார் என்பதைக் காட்டாது. அதற்குப் போன் பதிவு, பணம் கைமாறிய தடம், தங்கிய இடம், சாட்சி எல்லாம் சங்கிலியாக வேண்டும். கேமராக் காட்சிக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி சான்றிதழ் தேவை. கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மறு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பனியன் கம்பெனி வாசலில் கேமரா இல்லாத தெரு இங்கே அபூர்வம். பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்ற எண்ணமும் அதே அளவு பரவலானது.

வெளிமாநிலத்தார்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று திருப்பூரில் மிஷின் ஓடாது. 2023 மார்ச்சில், பீகார்க்காரர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசின் குழுவே திருப்பூர் வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. கூட்டத்தைக் கலைப்பது மட்டும் சட்டம் ஒழுங்கு இல்லை என்பதை அந்த வாரம் காட்டியது. ஹிந்தியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த காவலரின் மதிப்பும் அப்போதுதான் தெரிந்தது.

எல்லை பாராமல் பதியும் முதல் தகவல் அறிக்கை இவர்களுக்கு மிகவும் பயன்படும். ரயிலில் சேலத்துக்கு முன்பே பணத்தைப் பறிகொடுத்தவர் திருப்பூரில் இறங்கிப் புகார் தந்தாலும் பதிய வேண்டும். பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம். பெண் சாட்சியை விசாரிக்க நிலையத்துக்கு அழைக்கக் கூடாது, இருப்பிடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்ற பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179, கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலம் பெறும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. சம்பளப் பாக்கிப் புகார் தொழிலாளர் துறைக்குப் போகும். ஆளைப் பூட்டி வைத்து வேலை வாங்கினால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரும், அதற்குக் காவல் நிலையம் கதவைச் சாத்த முடியாது.

பயிற்சி முடிந்து வெளியே வரும் இரண்டாம் நிலைக் காவலர் நேரே காவல் நிலையத்துக்குப் போவதில்லை. ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ போகிறார். சில ஆண்டுகள் பந்தோபஸ்து, பாரா, கைதி வழிக்காவல் என்று கழிகின்றன. நிலையத்துக்கு மாறுதல் கிடைக்கும் நாளில் படித்த சட்டம் தூசி படிந்திருக்கும். ஆகவே பயிற்சிப் பள்ளியில் எழுதிய சட்டக் குறிப்பேட்டைத் தேர்வு முடிந்ததும் எடைக்குப் போடாதீர்கள். முதல் பண்டல் புகார் வரும்போது அது வேண்டியிருக்கும்.