தூக்கி நிறுத்தப்பட்டவர்: தேவனுக்குப் பயந்தோரும் தொடக்கக் கிறிஸ்தவ விசுவாசமும்

யோப்பாவிலிருந்து கடலோரமாக ஏறத்தாழ 50 கி.மீ. பயணப்பட்டு வந்த பேதுரு, செசரியாவில் அந்த வீட்டுக்குள் நுழைகிறார். இத்தாலியா பட்டாளத்தின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு அவர் காலில் விழுந்து பணிகிறார். தாமும் ஒரு மனிதனே என்று சொல்லி பேதுரு அவரைத் தூக்கி நிறுத்துகிறார். அவரும் எழுந்து நிற்கிறார். சொல்வதைக் கேட்க உறவினரோடும் நண்பரோடும் காத்திருக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தில் இந்தக் காட்சிக்கு இரண்டே வசனங்கள்தாம்.

இதன் அருமை, 14-ஆம் அதிகாரத்து லீஸ்திராவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். நடக்க முடியாத ஒருவன் பவுலின் சொல்லால் எழுந்து நடந்ததும், அவ்வூரார் பர்னபாவை யூப்பித்தர் தெய்வம் என்றும் பவுலை மெர்க்கூரி தெய்வம் என்றும் கருதி எருதுகளோடும் பூமாலைகளோடும் பலியிட வந்துவிடுகிறார்கள். அப்போஸ்தலர்கள் தங்கள் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிக் கதறியும் அவர்களைத் தடுப்பது பெரும்பாடாகிறது. லீஸ்திராவில் பக்திக்குக் குறைவில்லை. செசரியாவில் ஒரே சொல்லில் திருந்திய பிழை, இங்கே ஊரே திரண்டு நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இறையச்சம் நெஞ்சை விசுவாசத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நடபடிகளை எழுதிய லூக்கா காட்டுவது அதைவிடக் கூர்மையானது: வேதத்தைக் கேட்டுப் பழகிய இறையச்சமே திருத்தத்துக்கு இடம்கொடுக்கும் மனத்தை உருவாக்குகிறது.

கொர்நேலியு போன்றோரை லூக்கா இரண்டு கிரேக்கச் சொற்களால் குறிக்கிறார். ஒன்று தேவனுக்குப் பயப்படுதலையும் மற்றொன்று வணங்குதலையும் சுட்டும். தமிழில் ‘பயபக்தி’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். விருத்தசேதனம் பெற்று யூத மார்க்கத்தில் முழுமையாகச் சேராமல், ஜெப ஆலயத்தை ஒட்டி வாழ்ந்த புறவினத்தார் இவர்கள். ‘இப்படி ஒரு கூட்டம் உண்மையில் இருந்ததா?’ என்று 1981-இல் ஆய்வாளர் ஏ. டி. க்ராபெல் ஆய்வுலகை உலுக்கினார். லூக்கா தம் இறையியல் தேவைக்காக அவர்களைப் படைத்துக்கொண்டார் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தைத் தளரச் செய்தது ஒரு பளிங்குத் தூண். இன்றைய துருக்கியிலுள்ள அஃப்ரோதீசியாவில் 1976-இல் அருங்காட்சியகம் கட்டும் பணியின்போது கிடைத்த அந்தக் கல்வெட்டு, 1987-இல் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டது. யூதர்களின் பெயர்களிலிருந்து தனியாக, ‘தேவபக்தர்’ என்ற தலைப்பின் கீழ் 50-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களுள் ஒன்பது பேர் நகர மன்ற உறுப்பினர்கள். கல்வெட்டு லூக்காவின் காலத்துக்குப் பிற்பட்டது. முதல் நூற்றாண்டுக்கு அதை நேரடிச் சாட்சியாக்க முடியாது. ஆனால் எருசலேம் ஆலயத்துக்குக் காணிக்கை அனுப்பியவர்களில் தேவனை வணங்குவோரும் இருந்ததை முதல் நூற்றாண்டிலேயே யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், லூக்காவின் சித்திரத்தைக் கற்பனை என்று ஒதுக்குவது கடினம்.

அவர்களுடைய பக்தி என்ன செய்தது? கொர்நேலியு ஒன்பதாம் மணி வேளையில், அதாவது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு, ஜெபித்தார். எருசலேம் ஆலயத்தின் ஜெப வேளையும் அதுவே. ரோமப் படைவீரர் ஒருவரின் நாள், தாம் உட்பகுதிக்குள் நுழைய முடியாத ஓர் ஆலயத்தின் மணிக்கணக்கில் இயங்கியிருக்கிறது! செவிக்கும் இதே பயிற்சி கிடைத்தது. பிசீதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் பவுல் எகிப்திலிருந்து புறப்பட்ட கதையில் தொடங்கி, சாமுவேல், சவுல், தாவீது என்று விளக்கமே இல்லாமல் அடுக்கிக்கொண்டு போகிறார். அங்கிருந்த புறவினத்தாருக்கும் அந்தப் பெயர்கள் புதியவை அல்ல. லீஸ்திராவிலோ மழையையும் விளைச்சலையும் காட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது.

இருந்தும், இந்தப் பயிற்சி விசுவாசத்துக்கு உத்தரவாதமாகிவிடவில்லை. அதே அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் துரத்தத் தூண்டிவிடப்பட்டவர்களில் பக்தியும் மதிப்பும் வாய்ந்த பெண்களும் உண்டு. லூக்கா இதை மறைக்கவில்லை. அவருடைய நேர்மைக்கு இது நல்ல சான்று. பிலிப்பியில் ஆற்றங்கரைக்கு ஓய்வுநாள்தோறும் ஜெபிக்க வந்த பெண்கள் நடுவே, இரத்தாம்பரம் விற்கும் தியத்தீரா ஊர் லீதியாளைச் சொல்லும்போதும் அவர் சொற்களை அளந்தே வைக்கிறார். அவள் தேவனை வணங்குகிறவள், கேட்டுக்கொண்டிருந்தாள், இதயத்தைத் திறந்தவரோ கர்த்தர். பக்தி அவளை ஆற்றங்கரை வரை அழைத்து வந்தது.

திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் தம் இறுதி ஆண்டுகளில் கொர்நேலியுவை எடுத்துக்கொண்டு, பக்திக்கும் விசுவாசத்துக்கும் இடையிலான இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றார். கொர்நேலியுவின் ஜெபமும் தானதருமமும் ஏதோவொரு விசுவாசமின்றி நிகழ்ந்திருக்க முடியாது, ஆனால் அந்த விசுவாசமே போதுமானதாக இருந்திருந்தால் பேதுருவை அனுப்ப வேண்டியதில்லை என்றார். முதல் பாதி, முந்தைய பக்தியும் அருளின் வேலையே என்று காக்கிறது. இரண்டாம் பாதி, சுவிசேஷத்துக்கு இடம் விடுகிறது. எதை விட்டாலும் கொர்நேலியுவின் கதை பொருளிழந்துவிடும்.

தேவனுக்குப் பயந்தோரின் இந்த இடைநிலை கொரிந்துவிலும் தெரிகிறது. அங்கே எதிர்ப்பு முற்றியபோது ஜெப ஆலயத்தை விட்டு வெளியேறிய பவுல் தொலைவுக்குப் போகவில்லை. தேவனை வணங்கிவந்த யுஸ்து என்பவரின் வீட்டுக்குப் போனார். அந்த வீடு ஜெப ஆலயத்தை ஒட்டியே இருந்தது. ஜெப ஆலயத் தலைவர் கிறிஸ்புவும் தம் வீட்டாரோடு விசுவாசித்தார்.