முதுகில் ஒரு குழந்தை: பேபி கேரியரின் இரண்டு குடும்பங்கள்

குழந்தையோட மலை ஏறணும்னு ஆசைப்பட்டு ஆன்லைன்ல "பேபி கேரியர்"னு தேடிப் பாருங்க. ரெண்டு விதமான பொருள் வந்து நிக்கும். ஒண்ணு துணிப் பை. குழந்தையை நெஞ்சோடயோ முதுகோடயோ ஒட்டிக் கட்டிக்கறது. இன்னொண்ணுல அலுமினியச் சட்டம், தடிமனான இடுப்பு பெல்ட், வெயிலுக்குக் கூரை, அடியில சாமான் வைக்க அறை எல்லாம் இருக்கும். ஒரு குட்டி நாற்காலியை முதுகுல மாட்டின மாதிரி. விலையும் அதுக்கேத்த மாதிரி எகிறும்.

ரிவ்யூ பக்கங்கள்ல இது ரெண்டையும் ஒரே பட்டியல்ல போட்டு "எது பெஸ்ட்"னு கேப்பாங்க. ஆனா இது ஒரே பொருளோட ரெண்டு மாடல் இல்லை. ரெண்டு தனித்தனிக் குடும்பம். ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பிறந்த பதில்கள். துணிப் பை கேட்ட கேள்வி: குழந்தை என் உடம்போட ஒட்டி இருக்கறது எப்படி? அலுமினியச் சட்டம் கேட்ட கேள்வி: இந்தப் பாரம் என் உடம்புல எங்க இறங்கணும்? இந்தக் கதை தெரிஞ்சா, கடையில எதைக் கேக்கணும்னு தானா புரியும். அதான் இன்னிக்கு எபிசோட்.

55 நாள் குழந்தையோட ஒரு பயணம்

குழந்தையை முதுகுல சுமந்துக்கிட்டு நெடும்பயணம் போனவங்கன்னு சொன்னா, அமெரிக்காவுல முதல்ல வர்ற பேர் சகாகவேயா. ஷோஷோனி இனத்துப் பெண். லூயிஸ், கிளார்க் ரெண்டு பேரும் தலைமை தாங்கி, மிசௌரி ஆத்து வழியா பசிபிக் கடல் வரைக்கும் வழி தேடிப் போன பயணத்துல கூடப் போனவங்க. மகன் ஜான் பப்டீஸ்ட் பிறந்தது 1805 பிப்ரவரி 11. குழு கிளம்பினது ஏப்ரல் 7. அதாவது 55 நாள் கைக்குழந்தை. திரும்பி வர்றப்ப அவனுக்கு ஒன்றரை வயசு.

2000-ல வெளிவந்த அமெரிக்க ஒரு டாலர் நாணயத்துல இந்த அம்மாவும், முதுகுல தூங்கற குழந்தையும் இருப்பாங்க. பார்க்க ரொம்ப அமைதியான படம். நிஜப் பயணம் அப்படி இல்லை. 1805 ஜூன் 29 அன்னிக்கு, இப்போதைய மொன்டானாவுல இருக்கற பெரிய அருவிகள் பக்கத்துல, மழைக்கு ஒரு பள்ளத்துல ஒதுங்கி நின்னாங்க. திடீர் வெள்ளம் வந்துச்சு. சகாகவேயா குழந்தையைக் கையில வாரி எடுத்துக்கிட்டு மேல ஏறினாங்க. குழந்தையோட துணிமணி, படுக்கை எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இது கிளார்க்கோட நாட்குறிப்புல பதிவாகி இருக்கு.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தப் பயணத்துல குழந்தை "கூட்டிட்டுப் போன" ஆள் இல்லை. அம்மா வேலை செய்யணும், கிழங்கு தோண்டணும், மொழிபெயர்க்கணும், நடக்கணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும். உலகம் முழுக்க கேரியர் பிறந்த காரணம் இதுதான். வடக்கே இனுவிட் பெண்களோட அமௌட்டிங்கற மேலங்கியில முதுகுப் பக்கமே குழந்தைக்கு ஒரு பை. ஜப்பான்ல ஓன்புஹிமோ, கொரியாவுல பொடேகி, மெக்சிகோவுல ரெபோசோ. யாரும் ஊர் சுத்திப் பார்க்கறதுக்காக இதைக் கண்டுபிடிக்கலை.

டோகோவுல பார்த்தது, ஓஹையோவுல தைச்சது

1960-கள் தொடக்கத்துல, ஆன் மூர்ங்கற குழந்தைகள் நல நர்ஸ், பீஸ் கோர் தன்னார்வலரா மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற டோகோ நாட்டுக்குப் போனாங்க. அங்க அம்மாக்கள் குழந்தையை முதுகுல சாய்ச்சு, ஒரே ஒரு துணியைச் சுத்தி, முன்னாடி செருகிக்கிட்டு நாள் முழுக்க வேலை செஞ்சாங்க. குழந்தைகள் ரொம்ப அமைதியா இருந்தது ஆன் மூர் மனசுல பதிஞ்சுடுச்சு.

அமெரிக்கா திரும்பினதும் அவங்களுக்கு ஒரு பெண் குழந்தை. அதே மாதிரி துணியில கட்டிப் பார்த்தாங்க. குழந்தை நழுவிக்கிட்டே இருந்துச்சு. ஏன்? துணி அதேதான். ஆனா டோகோ அம்மாக்களோட முறைல பாதித் தொழில்நுட்பம் துணியில இல்லை, உடம்புல இருக்கு. எவ்வளவு குனியணும், குழந்தை எங்க உக்காரணும், துணியை எவ்வளவு இறுக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து தம்பி தங்கச்சியைச் சுமந்து கத்துக்கிட்ட விஷயம் அது.

ஆன் மூர் ஓஹையோவுல இருந்த தன்னோட அம்மா லூசி ஆக்கர்மன்கிட்ட கேட்டாங்க. அவங்க தோள் பட்டையும், கால் விட ஓட்டையும் வச்சு ஒரு பை தைச்சுக் கொடுத்தாங்க. தெருவுல பார்த்தவங்க எல்லாம் எங்க வாங்கினீங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. 1969-ல காப்புரிமை கிடைச்சுது. பேர் ஸ்னக்லி. பல வருஷம் ஓஹையோ பெண்கள் வீட்டுல உக்காந்தே கையால தைச்சுக் கொடுத்த பொருள் இது.

சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, டோகோ பெண்களோட கைப்பழக்கத்தை ஆன் மூரும் அவங்க அம்மாவும் தையலா கம்பைல் பண்ணிட்டாங்க. பழக்கமே இல்லாதவங்களும் மாட்டிக்கலாம். இது சின்ன வேலை இல்லை.

விஞ்ஞானம் கொஞ்சம் லேட்டா வந்து சேர்ந்துச்சு. 1990-ல வெளிவந்த ஒரு நியூயார்க் ஆய்வுல, வருமானம் குறைஞ்ச அம்மாக்கள்ல ஒரு பகுதிக்கு மென்துணி கேரியரும், இன்னொரு பகுதிக்குப் பிளாஸ்டிக் குழந்தை இருக்கையும் கொடுத்தாங்க. 13 மாசத்துல பார்த்தப்ப, கேரியர் குழுவுல 83 சதவீதக் குழந்தைகள் அம்மாவோட பாதுகாப்பான பிணைப்புல இருந்தாங்க. இருக்கைக் குழுவுல 38 சதவீதம். சின்ன ஆய்வுதான், வித்தியாசம் பெருசு.

ஜீன்ஸ் பாக்கெட்டுல பிறந்த ஐடியா

இப்ப அடுத்த குடும்பம். இதுல ஆரம்பத்துல குழந்தையே கிடையாது. வெறும் மூட்டைதான்.

1920-கள்ல லாயிட் நெல்சன்ங்கறவர் அலாஸ்கா பழங்குடி மக்கள் குச்சிகள் மேல கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டின சுமைப்பலகையைப் பார்த்து, மரச்சட்டமும் கேன்வாஸும் வச்சு ஒண்ணு செஞ்சார். டிராப்பர் நெல்சன்ங்கற பேர்ல அது அமெரிக்க மலையேறிகள்கிட்ட பரவிடுச்சு. ஆனா அதுலயும் பாரம் தோள்ல தான்.

1950-கள் தொடக்கத்துல கலிஃபோர்னியாவோட சியரா நெவாடா மலையில டிக் கெல்ட்டியும் அவர் நண்பரும் நடந்துக்கிட்டிருந்தாங்க. அப்ப ஒரு தந்திரம் கண்டுபிடிச்சாங்க. சட்டத்தோட கீழ்முனைகளை ஜீன்ஸோட பின் பாக்கெட்டுல செருகினா, தோள் பாரம் குறைஞ்சு இடுப்புக்கு இறங்குது! அதுலேர்ந்துதான் இடுப்பு பெல்ட் வச்ச அலுமினியச் சட்டப் பை வந்துச்சு. 1952-ல கெல்ட்டி சட்டம் செய்ய, அவர் மனைவி நீனா துணி தைக்க, முதல் வருஷம் வித்தது 29 பை. 1963-ல எவரெஸ்ட் ஏறின அமெரிக்கக் குழு கெல்ட்டி பைகளோட போச்சு.

இது ஏன் வேலை செய்யுதுன்னா, தோள்ல பாரம் தொங்கினா கழுத்தும் முதுகுத் தசையும் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கணும். இடுப்பெலும்புல உக்காந்தா அது நேரா கால் எலும்பு வழியா தரைக்குப் போயிடும். நம்ம ஊர்ல குழந்தையை இடுப்புல தூக்கி வச்சுக்கறவங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த முறையில ஒரு கை மாட்டிக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்துல குழந்தையை உக்கார வச்சவங்கள்ல முக்கியமானவர் ஜெர்ரி கன்னிங்ஹாம். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவோட பத்தாவது மலைப் படைப்பிரிவுல இருந்தவர். 1946-ல மனைவி ஆனோட சேர்ந்து கொலராடோவுல மலையேற்றச் சாமான் கம்பெனி ஆரம்பிச்சார். அவங்க கொண்டுவந்த கிட்டி கேரியர், அலுமினியக் குழாயும் துணி இருக்கையும் சேர்ந்தது. இன்னிக்குக் கடையில நிக்கிற கூரை வச்ச மாடலோட தாத்தா அதுதான்.

வேடிக்கை என்னன்னா, ஆன் மூர் குடியேறினதும் அதே கொலராடோதான். 1985-ல ஸ்னக்லியை வாங்கினது ஜெர்ரி பேர்ல வளர்ந்த குழந்தைச் சாமான் கம்பெனி. ரெண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழ வந்துடுச்சு.

காப்புரிமை யார் பேர்ல?

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. துணிக் குடும்பத்தோட ஆரம்பம் டோகோ பெண்கள். சட்டக் குடும்பத்தோட ஆரம்பம் அலாஸ்கா பழங்குடிகள். காப்புரிமைப் பத்திரத்துல ரெண்டு பேரும் இல்லை. ஆன் மூர் எங்க கத்துக்கிட்டேன்னு மறைக்கலை, எல்லார்கிட்டயும் சொன்னாங்க. பிரச்சினை தனி மனுஷங்களோடது இல்லை. காப்புரிமைக்கு ஒரு கண்டுபிடிப்பாளர் பேர் வேணும், ஒரு தேதி வேணும். பாட்டிகிட்டேர்ந்து பேத்திக்கு வந்த அறிவுக்கு ரெண்டும் கிடையாது.

இதைப் புரிஞ்சுக்கிட்டவங்க கனடாவோட இனுவிட் பெண்கள். 2000-கள் தொடக்கத்துல அவங்களோட பௌக்டூட்டிட் அமைப்பு, அமௌட்டியை எங்க எல்லாரோட கூட்டுச் சொத்தா பாதுகாக்கணும்னு வேலை ஆரம்பிச்சுது. வெளியில ஒரு ஃபேஷன் கம்பெனி வந்து தன் பேர்ல பதிவு பண்ணிடக்கூடாதேங்கற பயம். நியாயமான பயம்தானே?

மூணாவது கேள்வி

ரெண்டு குடும்பமும் கேக்காம விட்ட கேள்வி ஒண்ணு உண்டு: இது உடைஞ்சா, நழுவினா, குழந்தைக்கு என்ன ஆகும்?

1998-ல சிகாகோவுல டேனி கைசர்ங்கற, ஒன்றரை வயசு கூட ஆகாத குழந்தை, காப்பகத்துல மடக்குத் தொட்டில் சரிஞ்சு இறந்துபோனான். அந்த மாடலை 5 வருஷம் முன்னாடியே திரும்பப் பெறச் சொல்லி அறிவிச்சிருந்தாங்க. காப்பகத்துக்கு விஷயம் போய்ச் சேரலை. டேனியோட அப்பா அம்மா விடாம போராடினாங்க. 2008-ல வந்த அமெரிக்கச் சட்டத்துல குழந்தைச் சாமான்களுக்குக் கட்டாயத் தரம் வேணும்னு சொல்ற பிரிவுக்கு அவன் பேர்தான். அந்தப் பிரிவுக்குக் கீழதான் 2015-ல சட்டம் வச்ச கேரியர்களுக்கும் கட்டாய விதி வந்துச்சு.

அந்த விதியில முக்கியமான சோதனைகள்ல ஒண்ணு, கால் விடற ஓட்டை. காரணம் இருக்கு. 2012 முதல் 2014 வரை தயாரான ஒரு பிரபல மாடலை, குழந்தை கால் ஓட்டை வழியா நழுவி விழலாம்னு பின்னாடி திரும்பப் பெற்றாங்க. கிட்டத்தட்ட 82,000 கேரியர். நல்ல பிராண்ட், நல்ல ரிவ்யூ, எல்லாம் இருந்தும்.

துணிப் பக்கமும் ஆபத்து இல்லாம இல்லை. தோள்ல தொங்கற ஸ்லிங்ல 4 மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரலாம்னு 2010-ல அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிச்சுது. தாடை நெஞ்சுல மடங்கினா போதும், மூச்சுக்குழாய் அடைபடும்.

சரி, எதை வாங்கறது?

வரலாறே பதிலைச் சொல்லிடுது. குழந்தை இன்னும் தானா உக்காரலைன்னா, சட்டம் வச்சது வேண்டவே வேண்டாம். அமெரிக்கத் தரமே, துணையில்லாம உக்காரத் தெரிஞ்ச, சுமார் 7 கிலோவுக்கு மேல இருக்கற குழந்தைக்குத்தான் அதுன்னு சொல்லுது. அதுவரைக்கும் முகமும் மூக்கும் கண்ணுக்குத் தெரியற மாதிரி நெஞ்சோட கட்டற துணிக் கேரியர், சின்ன நடை. அவ்வளவுதான்.

உக்கார ஆரம்பிச்சதும் கணக்குப் போடுங்க. குழந்தை 9 கிலோ, கேரியரே சுமார் 3 கிலோ, தண்ணி, டயப்பர், சாப்பாடு 3 கிலோ. மொத்தம் 15. ரெண்டு மணி நேரத்துக்கு மேல நடக்கப் போறீங்கன்னா இது இடுப்புல இறங்கியே ஆகணும், சட்டம் தேவை. அரை மணி நேரம் நடந்து அருவி பார்த்துட்டு வர்றதுன்னா நல்ல இடுப்பு பெல்ட் வச்ச துணிக் கேரியரே போதும். பாறை, வழுக்கல், தாழ்வான கிளைகள் இருக்கற பாதையிலயும் துணிதான் மேல். ஏன்னா சட்டத்துல குழந்தை உங்க தலை உயரத்துல, பின்னாடி தள்ளி உக்காந்திருக்கும். அது ஒரு பக்கம் சாய்ஞ்சா நீங்களும் சாய்வீங்க.

கடையில குழந்தையை வச்சே மாட்டிப் பாருங்க. தோள் பட்டையைத் தளர்த்தினப்பவும் பாரம் இடுப்புல நிக்குதா? கால் ஓட்டை குழந்தைக்குப் பொருந்துதா, பாதம் தொங்காம ஊன இடம் இருக்கா? மேனுவல்ல ஏ.எஸ்.டி.எம் எஃப் 2549 இல்லன்னா இ.என் 13209-1ங்கற தர எண் இருக்கா? பழசு வாங்கினா, வாடகைக்கு எடுத்தா, அந்த மாடலைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கான்னு தேடிப் பாருங்க. டேனி கதை நினைவிருக்கட்டும். அறிவிப்பு வர்றதும் அது நம்ம கைக்கு வந்து சேர்றதும் ஒண்ணு இல்லை.

கடைசியா ஒண்ணு. நடக்கறது நீங்க, வேர்க்கறது உங்களுக்கு. மேல உக்காந்திருக்கற குழந்தை அசையறதே இல்லை, அதனால உங்களுக்குப் புழுங்கறப்பவே அதுக்குக் குளிரலாம். அடிக்கடி நிறுத்தி, இறக்கி, கை கால் தொட்டுப் பாருங்க. டோகோ அம்மாவுக்கு முதுகு வழியாவே தெரிஞ்ச விஷயம் இது. சட்டம் பாரத்தைத் தாங்கும், குழந்தைக்குக் குளிருதுன்னு உங்ககிட்ட சொல்லாது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.