தோட்டத்து மணியோசை முதல் காதொலிப்பான் வரை

ஐம்புலன்களுள் செவிக்குத் தமிழர் தனியிடம் தந்துள்ளனர். கல்வியையும் கல்லாமையையும் பற்றிப் பேசிய வள்ளுவப் பெருந்தகை, அவற்றை அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஏடு தொட்டுப் படிக்க இயலாதவனும் கேட்டறிதல் வேண்டும் என்பது அவ்வதிகாரம் உணர்த்தும் கருத்துகளுள் ஒன்று. மலாயா மண்ணில் பால்மரக் காட்டை நம்பி வந்த நம் முன்னோர்க்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். உலகை அவர்கள் செவியாலேயே கற்றனர். ஆயின், அச்செவியில் எவ்வொலி விழ வேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார்? கோலசிலாங்கூரையும் வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்ந்தால், இன்று நம் இளைஞர் காதில் மாட்டித் திரியும் சிறு கருவிக்குப் பின்னே நெடியதொரு வரலாறு இருப்பது புலனாகும்.

கட்டளையாக வந்த ஒலி

ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனைத் தோட்டம் உருவானதும் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அதனை உருவாக்கிய பிரெஞ்சுக்காரராகிய ஆன்றி ஃபோக்கொன்னியே, பின்னர் 1930இல் தம் நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர்ப் பரிசையும் பெற்றார். தோட்டத்துரைக்கு இலக்கியம் வாய்த்த அந்நாளில், தோட்டத் தொழிலாளிக்கு வாய்த்த ஒலிகள் யாவை?

விடியுமுன் அடிக்கும் மணி, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் கிராணியின் குரல், கங்காணியின் அதட்டல். இவை யாவும் கட்டளைகள். அவற்றை விரும்பிக் கேட்டவரில்லை, கேளாதிருக்கவும் வழியில்லை. இவற்றுக்கு ஈடாகத் தொழிலாளர் தாமே படைத்துக்கொண்ட ஒலிகளும் உண்டு. மாரியம்மன் கோயில் உடுக்கை, தப்பிசை, தாலாட்டு, ஒப்பாரி, லயத்து வாசலில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட கதைப்பாட்டு ஆகியவை அவை. இரவல் குரலின்றி, ஒருவர் குரலை மற்றவர் கேட்டு வாழ்ந்த காலம் அது.

பங்களாவின் தனியொலி

உலகில் வானொலியின் முதற்பருவம் காதொலிப்பானின் பருவமே என்பதைப் பலர் அறியார். கலீனா எனும் ஈயக் கனிமத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு வங்கத்து அறிஞர் ஜகதீச சந்திர போசு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அத்தகைய படிகத்தைக் கொண்டு பின்னாளில் அமைந்த எளிய வானொலிப் பெட்டிக்கு மின்கலமே தேவையில்லை. ஆனால், வானலையிலிருந்து கிடைக்கும் மின்னாற்றல் மிக அற்பமானது. அறை முழுதும் கேட்கச் செய்ய அது போதாது. காதோடு காதாக ஒட்டிவைத்த கருவியை அசைக்க மட்டுமே அது போதும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான நத்தேனியல் பால்டுவின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த காதொலிப்பான்களை அந்நாட்டுக் கடற்படை 1910இல் வாங்கத் தொடங்கியது. வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் முறை வளர்ந்த பின்னரே ஒலிபெருக்கிப் பெட்டிகள் இல்லங்களுக்கு வந்தன.

மலாயாவிலும் வானொலி 1920களில் ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்காகவே தொடங்கியது. 1937இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் முறையாக ஒலிபரப்பத் தொடங்கிய பின்னரும், வானொலிப் பெட்டி துரையின் பங்களாவிலும் வசதி படைத்தோர் இல்லங்களிலும் இருக்கும் பொருளாகவே இருந்தது. தாயகத்தில் நிலைமை சற்று வேறு. சென்னையில் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924இல் தொடங்கிய வானொலிக் கழகம் பொருள் முடையால் நின்றபின், சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியை ஏற்றது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி அமைத்து, பெட்டி வாங்க இயலாதவரும் இசை கேட்க வழி செய்தது. அத்தகைய பொதுச் செவி தோட்டத்துக்கு வர இன்னும் இருபதாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. வந்தபோதும் அது அச்சத்தின் துணையோடு வந்தது.

தடுக்கப்பட்ட செவியும் திணிக்கப்பட்ட ஒலியும்

1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் கேட்பதே குற்றமாயிற்று. எதிரி நாட்டு ஒலிபரப்பைக் கேட்டவர் கொடுந்தண்டனைக்கு உள்ளாயினர். பெர்ணம் ஆற்றுக்கு அப்பால், அண்டை மாநிலமாகிய பேராக்கின் பாப்பான் ஊரில், சிபில் கார்த்திகேசு அம்மையார் மறைவாக வானொலி வைத்து இலண்டன் செய்தி கேட்டார். பிறர் அறியாதிருக்க அதற்கு ‘ஜோசபின்’ எனப் பெண்பெயர் சூட்டியிருந்தார். பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகியும் அவர் தம் நண்பர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. கேட்கும் உரிமைக்கு இம்மண்ணில் கொடுக்கப்பட்ட விலையை அவர் வரலாறு காட்டும்.

1946 ஏப்பிரலில் ரேடியோ மலாயா தோன்றியது. 1948 சூனில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 சூலை வரை நீடித்தது. சிதறியிருந்த தோட்டக் குடியிருப்புகள் கம்பி வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன, ஊரடங்கு வந்தது. மக்கள் மனத்தைத் தன்பால் ஈர்க்க விரும்பிய அரசு, புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் மின்கலத்தால் இயங்கும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. நோக்கம் பரப்புரை, ஆயினும், அப்பெட்டியிலிருந்து தமிழும் வந்தது. செய்தியும் பாட்டும் நாடகமும் தாய்மொழியில் வரக் கேட்டோர், அரசு சொன்னதைக் கேட்டதோடு நில்லாமல் தமக்கு வேண்டியதையும் எடுத்துக்கொண்டனர். வேலிக்குள் இருந்த செவிக்கு வேலிக்கு வெளியே ஓர் உலகம் கிட்டியது.

கைக்கு வந்த முள்

1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், 1954இல் அமெரிக்காவிலும் 1955இல் ஜப்பானின் சோனி நிறுவனத்தாலும் சிறு வானொலியாக வடிவெடுத்தது. மின்சாரம் எட்டாத, அல்லது மாலையில் சில மணி நேரமே எட்டிய லயங்களுக்கு இது வரப்பிரசாதம் எனலாம். பேட்டரி இருந்தால் போதும், பெட்டி பேசும். ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த அக்காலத்திலும் தொழிலாளர் தம் கூலியிலிருந்து மிச்சம் பிடித்து வானொலி வாங்கினர்.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. நிலையத்தைக் காட்டும் முள் முதன்முறையாகத் தொழிலாளியின் விரலுக்கு வந்தது. எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு உரக்க வைப்பது என்பவற்றை அவரே முடிவு செய்தார். திருகைச் சிறிதே திருப்பி, இரைச்சலுக்கு நடுவே குரல் தெளியும் இடத்தைப் பிடிப்பது ஒரு கைத்திறனாயிற்று. வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் செவியைக் கூர்மையாக்கிக் காத்திருப்பது போன்றதே அது. ஒரு வீட்டுப் பெட்டி நான்கு வீட்டுக்குப் பாடிற்று. நேயர் விருப்பத்தில் தம் தோட்டத்தின் பெயர் ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்தவர் பலர். மலேசிய வானொலியின் தமிழ்ப்பிரிவு வளர்ந்து, 2005 முதல் மின்னல் பண்பலை என்னும் பெயரில் இயங்கி வருகிறது.

மீண்டும் தனிச்செவி

1958இல் அமெரிக்கரான ஜான் கோஸ் இரு செவிக்கும் தனித்தனி ஒலி தரும் காதொலிப்பானை இசை கேட்போர்க்கென வெளியிட்டார். 1979 சூலையில் சோனியின் வாக்மேன் வந்தது. நடக்கும்போதும் பயணத்தின்போதும் தனியே இசை கேட்பது உலக வழக்காயிற்று. இதே காலத்தில் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வாழ்வும் மாறிற்று. 1970களில் சுங்கை வேயில் எழுந்த மின்னணு ஆலைகளுக்குத் தோட்டத்துப் பெண்களும் வேலைக்குச் சென்றனர். பின்னர்த் தோட்டங்கள் பல மேம்பாட்டுக்கெனக் கைம்மாறின, லயங்கள் கலைந்தன, மக்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்த கூட்டம் கலைந்த பின், ஹெட்போன் என யாவரும் வழங்கும் காதொலிப்பான் ஒவ்வொருவர் காதிலும் ஏறியது. பங்களாவுக்கு மட்டும் உரியதாய் இருந்த தனியொலி இன்று அனைவர்க்கும் உரியது. இஃது ஒரு வெற்றியே. வெற்றியைக் காக்கும் முறையை அறிதல் நம் கடமை.

தேர்தலும் சுருதி சேர்த்தலும்

காதொலிப்பான்கள் பொதுவாக மூவகை: காதை முழுதும் மூடுவது, காதின்மேல் அமர்வது, காதுத் துளைக்குள் செருகுவது. வீட்டின் அமைதியில் கேட்பவர்க்குப் பின்புறம் திறந்த அமைப்பு ஏற்றது. குரல் இயல்பாகவும் விரிவாகவும் கேட்கும். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ பேருந்தில் செல்லும் மாணவர்க்கு மூடிய வகையோ செருகும் வகையோ தக்கது. செருகும் வகையில் நுனி உறையின் அளவு முதன்மையானது. உறை தளர்ந்தால் தவிலின் கனம் கரைந்துபோகும். அதனை ஈடுசெய்யப் பலர் ஒலியை ஏற்றுவர். உறையை மாற்றினாலே குறை தீரும்.

வாகன இரைச்சலை எதிரொலியால் தணிக்கும் கருவிகளும் உள. 1978இல் விமானப் பயணத்தின்போது இதற்குரிய எண்ணம் தோன்றப்பெற்று, அதனைச் செயலாக்கியவர் அமர் போசு. இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்கா சென்ற வங்காளி ஒருவரின் மகன் அவர். இக்கருவி இயந்திர முழக்கம் போன்ற தொடர்ந்த தாழ்ஒலியை நன்கு அடக்கும். திடீர்ப் பேச்சொலியை அவ்வளவாக அடக்காது. சாலையோரம் நடக்கும்போது இதனை அணைத்துவிடுதல் அறிவுடைமை.

இனி, ஒலியைச் செப்பஞ்செய்தல். தாழ்ஒலி, இடையொலி, மேலொலி ஆகியவற்றைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பேசியிலேயே வசதி உண்டு. பலர் எல்லாவற்றையும் கூட்டுகின்றனர். குறைப்பதே முதல் நெறியாக இருத்தல் வேண்டும். உரையோ நாடகமோ தெளிவாகக் கேட்கவில்லையெனில், மேலொலியைக் கூட்டுமுன் தாழ்ஒலியைச் சிறிது குறைத்துப் பார்க்க வேண்டும். உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அலைவுகளில் மிகுதி. மெய்யெழுத்துகளை வேறுபடுத்தும் நுண்மைகள் பெரும்பாலும் உயர்ந்த அலைவுகளில், குறிப்பாக 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. தாழ்ஒலி பெருகினால் அவற்றை மூடிவிடும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. நன்கறிந்த ஒரு குரலை அளவுகோலாகக் கொண்டு, ஒவ்வொரு முறையும் சிறிதே மாற்றி, இரண்டொரு நாள் கேட்டுப் பழகிய பின் முடிவு செய்க. ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருத்தல் வேண்டும். உரத்த ஒலியே சிறந்த ஒலியென்று செவி எளிதில் ஏமாறும்.

எல்லாவற்றினும் தலையாயது அளவு. உலக நலவாழ்வு நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதையே பாதுகாப்பான எல்லையாகக் குறிக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகும். 90 டெசிபலில் 4 மணி நேரமே எஞ்சும். மலேசியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த பணியிட இரைச்சல் விதிகள், ஆலைத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலை எல்லையாக வகுத்துள்ளன. செம்பனை ஆலையில் உழைக்கும் தந்தையின் செவியைச் சட்டம் காக்கிறது. அவர் மகன் தானே விரும்பி மாட்டிக்கொண்ட கருவியிலிருந்து அவன் செவியைக் காக்க எந்த விதியும் இல்லை. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

செவியின் கடன்

மணியோசைக்கு அடிபணிந்த செவி, வேலிக்குள் பொதுப் பெட்டியைச் சூழ்ந்த செவி, டிரான்சிஸ்டர் முள்ளைத் தானே திருப்பிய செவி, இன்று உலகின் எந்த ஒலியையும் தேர்ந்துகொள்ளும் செவி ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகளாக இருத்தல் கூடும். மூத்த தலைமுறையினர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். லயம் இருந்த இடத்தில் வீட்டுமனைகள் எழுந்துவிட்டன. அவர்கள் குரலில் மட்டுமே அத்தோட்டங்கள் வாழ்கின்றன. கைப்பேசி ஒவ்வொரு மாணவனிடமும் உண்டு. அதில் குரலைப் பதிவு செய்யும் வசதியும் உண்டு. தமிழாசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கட்டும். பாட்டியின் தாலாட்டையும் பாட்டனின் பெரட்டுக் கதையையும் மாணவர் பதிவு செய்து வரட்டும். அமைதியான அறையில், அளவான ஒலியில், காதொலிப்பானை அணிந்து அவற்றைச் சொல் பிசகாமல் எழுதட்டும். மங்கிய முதுகுரலின் ஒவ்வோர் அசையையும் பிரித்துக் காட்ட இக்கருவியைப் போல் உதவுவது பிறிதில்லை.

துரையின் குரலையும் கங்காணியின் குரலையும் கேட்டே ஆயுளைக் கழித்தவர்களின் சொந்தக் குரலைக் கேட்க அந்நாளில் எவரும் முன்வரவில்லை. தேர்ந்து கேட்கும் உரிமை பெற்ற நாம் முதலில் தேர்ந்து கேட்க வேண்டிய குரல் அதுவே.