வரியும் வாக்கும்: செட்டிநாட்டில் உயர்வருமான வரியும் தேர்தல் தெரிவும் (1920–1971)

ஆய்வுப் பொருள்

உயர்ந்த வருமானம் உடையோர் மீது வரியைக் கூட்ட ஓர் அரசு முனையும்போது வாக்குகள் எத்திசையில் நகர்கின்றன என்பது மக்களாட்சி பற்றிய ஆய்வின் நீண்டகால வினாக்களுள் ஒன்று. ஆலன் மெல்ட்சர், ஸ்காட் ரிச்சர்டு ஆகிய பொருளியலாளர்கள் 1981இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, வருமான வரிசையின் நடுவில் நிற்கும் வாக்காளரின் வருமானம் நாட்டின் சராசரிக்குக் கீழே இருக்குமாயின், பெரும்பான்மையினர் செல்வரிடம் வரி பெற்றுப் பகிரும் கொள்கையையே விரும்புவர். அவ்வாறாயின் வரிச்சுமை தாங்கும் சிறுபான்மையினரின் மனக்குறை தேர்தலில் எவ்வழியாக வெளிப்படும் என்ற துணைவினா எழுகிறது. காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களை மையமாகக் கொண்டு கடல்கடந்து வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாறு அதற்குத் தெளிவான விடை தருகிறது. வரிமீதான மனக்குறை தனித்து நின்று வென்றதில்லை என்பதும், பிறருடைய குறைகளோடும் ஊர் நம்பிய தலைமையோடும் சேர்ந்த பொழுதே அது வாக்காக மாறியது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

வரி செலுத்தியவரே வாக்காளர்

1860இல் ஜேம்ஸ் வில்சன் அறிமுகப்படுத்திய வருமான வரி இடையில் நின்றும் தொடர்ந்தும் வந்து, 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தையொட்டி 1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது, நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழ 12.5 லட்சம் பேரே வாக்குரிமை பெற்றிருந்தனர். நிலத்தீர்வை, சொத்து ஆகியவற்றோடு வருமான வரி செலுத்துவதும் அவ்வுரிமைக்குரிய தகுதிகளுள் ஒன்றாக இருந்தது. மேலும், சட்டசபையில் வணிகத்துக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு உரியதாயிற்று. ஆகவே, செல்வர்மீது விழுந்த வரி அந்நாளில் சுமையாக மட்டுமன்றி, ஆட்சிமன்றத்தில் பேசும் வாயிலாகவும் அமைந்தது.

மூன்று ஆண்டு விதியும் 1939 திருத்தமும்

நகரத்தார் தொழிலின் உயிர்நாடி கடலுக்கு அப்பால் இருந்தது. 1930இல் பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும் அவற்றில் ஈடுபட்ட முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. 1922ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், வெளிநாட்டுத் தொழிலில் ஈட்டிய இலாபம் மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டால் மட்டுமே அதற்கு வரி விதித்தது. கடையை நடத்திய மேலாளின் பணிக்காலமும் வழக்கமாக மூன்று ஆண்டுகளே ஆதலின், ஊருக்கு வந்த தொகை புதிய இலாபமா, பழைய முதலா என்பதைப் பேரேட்டையும் ஐந்தொகையையும் கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய வழக்குகள் பெருகின.

1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டதால், நகரத்தாரின் மிகப்பெரிய வருவாய்க்களம் சட்டத்தின் பார்வையில் அயல்நாடாயிற்று. அடுத்த ஆண்டு மத்தியச் சட்டசபையில் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக் காலத்தில் விவாதிக்கப்பட்டு 1939இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வெளிநாட்டு வருமானம் ஊருக்கு வராவிட்டாலும், 4,500 ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வரி உண்டு என்றது. இதே காலத்தில் தேர்தல் களமும் மாறியிருந்தது. 1937இல் விரிவுபெற்ற வாக்குரிமையுடன் நடந்த தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159ஐ வென்றது. வரி செலுத்துவோர் வாக்காளருள் சிறு பகுதியாகிவிட்ட நிலையில், சங்கத்தின் மனுவும் மன்றத்தில் ஓரிடமும் வரிக்கொள்கையை மாற்றப் போதுமானவையாக இல்லை.

1957 வரிகளும் சுதந்திராக் கட்சியும்

1942இல் ஜப்பானியப் படையெடுப்பும் 1948இல் பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டமும் நகரத்தாரின் முதலைத் தாய்நாட்டுத் தொழில்களை நோக்கித் திருப்பின. 1957 பொதுத்தேர்தலில், முன்பு நீதிக்கட்சி அமைச்சராக இருந்த மு.அ. முத்தையா செட்டியார் காங்கிரஸ் வேட்பாளராகக் காரைக்குடியில் வென்றார். தேர்தல் முடிந்து சில வாரங்களில், மே 15 அன்று, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம், பொருளியலாளர் நிக்கலஸ் கால்டரின் பரிந்துரையைத் தழுவிச் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தது. செல்வ வரி ஆண்டு வருமானத்தின் மீதன்றி உடைமைகளின் நிகர மதிப்பின் மீது விதிக்கப்பட்டது; தனிநபருக்கு முதல் 2 லட்சம் ரூபாய்க்கு விலக்கு இருந்தது. செலவு வரியோ ஒருவர் ஈட்டியதை விடுத்து, அவர் செலவிட்டதை அளந்தது. 1958இல் நன்கொடை வரியும் சேர்ந்தது.

1959இல் இராஜாஜியின் தலைமையில் சென்னையில் உருவான சுதந்திராக் கட்சி, கூட்டுறவுப் பண்ணைத் திட்டம், உரிமக் கட்டுப்பாடு, மிகைவரி ஆகிய மூன்றையும் ஒரே எதிர்ப்பில் இணைத்தது. நிலம் போய்விடுமோ என்று அஞ்சிய உழவரையும், உரிமத்துக்கு அலைந்த வணிகரையும், வரி செலுத்திய செல்வரையும் ஓரணியில் நிறுத்தியதே அவ்விணைப்பின் வலிமை. 1962இல் அக்கட்சி தமிழகத்தின் 206 இடங்களில் ஆறை மட்டுமே பெற்றது. அவற்றுள் காரைக்குடியும் ஒன்று. அங்கே வென்ற சா. கணேசன், விடுதலைப் போராட்ட வீரர். 1939இல் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்து ஊரார் மதிப்பைப் பெற்றிருந்தவர். எனவே அவ்வெற்றியை வரியெதிர்ப்பின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தொகுதி வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் செல்வ வரியின் எல்லையை எட்டிப் பார்க்காதவர்கள்.

1967இல் தி.மு.க. அணியில் நின்று சுதந்திராக் கட்சி மாநிலத்தில் 20 இடங்களைப் பெற்றது. காரைக்குடியும் அதனிடமே நிலைத்தது. ஆனால் அத்தேர்தலின் போக்கை நிர்ணயித்தவை அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்புமே. 1971இல் சுதந்திராக் கட்சி அவ்வணியை விட்டு, பிளவுபட்ட காங்கிரசின் பழைய பிரிவுடன் சேர்ந்தபோது, வங்கிகளை நாட்டுடைமையாக்கிய இந்திரா காந்தியின் அலையும் தி.மு.க.வின் 184 இடங்களும் அதனை ஒதுக்கிவிட, காரைக்குடித் தொகுதி தி.மு.க.விடம் சென்றது.

முடிவுரை

1920இல் வரியே வாக்குரிமை தந்தது. 1939இல் வரி செலுத்தியோரின் குரல் எண்ணிக்கையில் அமிழ்ந்தது. 1962இல் அது உழவரின் அச்சத்தோடும் ஊரின் நன்மதிப்போடும் கூடி வென்றது. 1971இல் துணை நீங்கியதும் தளர்ந்தது. மெல்ட்சர், ரிச்சர்டு கோட்பாடு கூறும் பெரும்பான்மையின் விருப்பம் செட்டிநாட்டில் பொய்க்கவில்லை. ஆனால் வாக்காளர் வருமானக் கணக்கை மட்டுமே பார்த்து வாக்களிப்பதில்லை என்பதையும், வேட்பாளர் யார், உடன் நிற்பவர் யார் என்பதையும் அவர்கள் எடைபோட்டதையும் இத்தொகுதியின் வரலாறு காட்டுகிறது. வாக்குச்சீட்டு இரகசியமானது, தேர்தல் முடிவு வென்றவரைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. அக்காரணத்தை நெருங்க உதவும் சான்றுகளான பேரேடுகளும் ஐந்தொகைகளும் வரி மனுக்களும் செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது தூண்களோடும் கதவுகளோடும் சேர்ந்து சிதறிப்போகின்றன. அவற்றைத் திரட்டிப் பாதுகாப்பது, ஒரு சமூகத்தின் செல்வக் கணக்கைக் காப்பதோடு, தமிழக மக்களாட்சியின் வரலாற்றையும் காக்கும் பணியாகும்.