‘ஷல்’ என்னும் கடன்: ஆங்கிலத் துணைவினைகளும் அதிகார உறவும்

இலக்கணத்தை வரலாற்றுக்கு அப்பாற்பட்ட விதித்தொகுதியாகக் கொள்ளும் மரபு நம்மிடையே இன்னும் வலுவுடன் நிலவுகின்றது. ‘ஷல்’, ‘வில்’, ‘மே’, ‘கான்’, ‘மஸ்ற்’, ‘ஓட்’ ஆகிய ஆங்கிலத் துணைவினைகள் பாடசாலைகளில் அவ்வாறே கற்பிக்கப்படுகின்றன: ஒன்று கடமையை உணர்த்தும், மற்றொன்று அனுமதியை, பிறிதொன்று நிச்சயத்தை. இவ்வகைப்பாடு பிழையன்று, ஆனால் போதியதுமன்று. யார், யாரை, எந்த அதிகாரத்தால் கட்டுப்படுத்துகின்றார் என்னும் வினாவை அது எழுப்புவதேயில்லை.

இச்சொற்களின் பிறப்பே அவ்வினாவை எழுப்புகின்றது. பழைய ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்பதன் மூலவடிவம் ‘கடன்பட்டிருத்தல்’ என்னும் பொருளுடையது. கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘ஷுல்ட்’ என்னும் ஜேர்மன் சொல் அதன் உறவினது. ‘ஓட்’ உடைமையைக் குறித்த வினையிலிருந்து கடனையும், கடனிலிருந்து கடப்பாட்டையும் குறிக்கலாயிற்று. ‘வில்’ விருப்பத்தையும், ‘கான்’ அறிவையும், ‘மே’ வலிமையையும் அடியாகக் கொண்டவை. ‘மஸ்ற்’ என்பதன் கதை இவற்றினும் வியப்புக்குரியது. அதன் மூலவினை ‘அனுமதிக்கப்பட்டிருத்தல்’ என்றே பொருள்பட்டது; அனுமதி காலப்போக்கில் கட்டாயமாயிற்று.

நிச்சயத்தை உணர்த்தும் பொருள் பொதுவாக இவற்றுக்குப் பின்னரே வளர்ச்சியுற்றது. ‘அவர் இப்பொழுது வீட்டில் இருக்கவேண்டும்’ என ஊகித்துரைக்கும்போது எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. சான்றுகளே நம்மை அம்முடிவுக்கு நெருக்குகின்றன. மனிதரைக் கட்டுப்படுத்திய புறவிசையின் சொல், சிந்தனையைக் கட்டுப்படுத்தும் விசையின் சொல்லாக விரிந்தது எனலாம். ஆயினும், துணைவினைகளின் வரலாறு முழுவதையும் வர்க்க வரலாற்றின் நேரடிப் பிரதிபலிப்பாகக் காண்பது யாந்திரிகமான நோக்காகும். இலக்கண மாற்றத்துக்கு அதற்கேயுரிய உள்விதிகள் உள்ளன. சமூகம் புகுவது, அவ்வடிவங்கள் எங்கே, எவரால் பயன்படுத்தப்படுகின்றன என்னும் இடத்திலாகும்.

1653 இல் ஒக்ஸ்போர்ட் கணிதப் பேராசிரியர் ஜோன் வொலிஸ், பிறமொழியாளருக்காக ஆங்கில இலக்கணமொன்றை இலத்தீனில் வெளியிட்டார். தன்மையில் ‘ஷல்’ வருவதை முன்னுரைக்கும், ‘வில்’ வாக்களிக்கும் அல்லது அச்சுறுத்தும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இவை இடம் மாறும் என்பது அவரது விதி. இவ்விதியின் உட்கிடை தெளிவானது: பேசுவோனின் சித்தமே அளவுகோல். பிறர்மீது ‘ஷல்’ எனும்போது பேசுவோன் அவர்களது எதிர்காலத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றான்.

சட்டத்தில் பேசுவோன் அரசு. 1823 ஆம் ஆண்டின் பிரித்தானிய எசமான்–வேலையாள் சட்டத்தின்கீழ், உடன்படிக்கையை மீறிய தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். கூலி கொடாத எசமானுக்கோ அதனைச் செலுத்துமாறு கட்டளை மட்டுமே. இருதரப்பும் உடன்படிக்கையால் ‘கடன்பட்டவை’யே. எனினும் ஒருவர் கடன் உடலால் தீர்க்கப்பட்டது, மற்றவர் கடன் பணத்தால். 1875 இலேயே இந்த ஏற்றத்தாழ்வு நீக்கப்பட்டது.

வறியோர் சட்ட நிருவாகத்தில் பணியாற்றிய ஜோர்ஜ் கூட், 1840களில் சட்டவாக்க நடையை ஆராய்ந்தார். ‘ஷல்’ கடமை விதிக்கும் சொல். ஆதலால் அக்கடமைக்குரிய ஆளை வாக்கியம் சுட்டுதல் வேண்டும் என்பது அவரது கருத்தின் சாரம். ஆள் சுட்டப்படாத கடமை யார்மீதும் சாராது. 1880 இல் யூலியஸ் என்பவருக்கும் ஒக்ஸ்போர்ட் ஆயருக்கும் இடையிலான வழக்கில், ‘செய்தல் சட்டமுறையானதாகும்’ என்னும் வாசகம் அதிகாரத்தை மட்டுமே வழங்குகின்றது என்றும், அதனைப் பிரயோகிக்கும் கடமை சூழ்நிலைகளிலிருந்தே எழும் என்றும் பிரபுக்கள் சபை தீர்த்தது. சொல் தனித்து எவரையும் கட்டுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தென்னாபிரிக்காவின் 1996 ஆம் ஆண்டு யாப்பு ‘ஷல்’ என்பதை விடுத்து ‘மஸ்ற்’ என்பதையே கையாண்டது. 1961 இனதும் 1990களினதும் ஆங்கில உரைத்தொகுதிகளை ஒப்பிட்ட மொழியியலாளர், ‘ஷல்’, ‘மஸ்ற்’, ‘மே’ மூன்றும் அருகிவருதலைக் கண்டனர். இதனைச் சனநாயகமயமாதல் எனக் கொள்வோர் உளர். ஆனால் கட்டளைச் சொல் மறைவதும் கட்டளை மறைவதும் ஒன்றல்ல. ‘செய்யவேண்டிய தேவையுண்டு’ எனும் மென்மொழி, கட்டளையிடுபவரைக் கண்ணுக்குத் தெரியாதவராக்கவும் கூடும்.

இவ்வினா இலங்கைத் தமிழருக்கு ஏட்டளவிலானதன்று. சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழையும் அரசகரும மொழியாக்கிய 1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தமும் தத்தம் ஆங்கில வாசகத்தில் ‘ஷல்’ என்னும் அதே சொல்லையே கொண்டுள்ளன. கூட்டின் அளவுகோலால் நோக்கின், இரண்டுமே கடமைக்குரிய ஆளைச் சுட்டவில்லை. ஆயினும் முன்னதன் பின்னே அரச இயந்திரம் முழுவதும் அணிதிரண்டது. பின்னதை நடைமுறைப்படுத்தும் விதிகளை 1988 இன் பதினாறாவது திருத்தம் விரித்துரைத்த போதும், தமிழில் பதில் பெறுதல் பலருக்குப் போராட்டமாகவே தொடர்ந்தது.

நமது சட்டத் தமிழ் ‘ஷல்’ என்பதைப் பெரும்பாலும் ‘-தல் வேண்டும்’ எனப் பெயர்க்கின்றது. ‘வேண்டு’ என்னும் வினை விருப்பத்தையும் இரத்தலையும் குறிப்பது. பழைய வழக்கான ‘கடவர்’, ‘கடவது’ என்பனவோ கடன், கடமை ஆகியவற்றின் குடும்பத்தன. சோழர் கல்வெட்டுகளில் கடமை என்பது குடிகள் செலுத்திய நிலவரியாகும். ஆக, இருமொழிகளிலும் கடமையின் அடியில் கடன் கிடக்கின்றது. கடன் என்ற உடனே, கடன்பட்டவர் யார், அதனை அறவிடும் வலிமை யாரிடம் உள்ளது என்று கேட்டேயாக வேண்டும். அவ்வினாவுக்கு விடையளிப்பது இலக்கணமன்று. சமூக சக்திகளின் பலாபலமே.