சிப்பிக்கல் விளைந்த சீமை

காவிரிப் பாசனத்தின் பசுமையைப் பின்னே விட்டு, லால்குடி, கல்லக்குடி வழியாக அரியலூரை நோக்கிச் செல்பவரிடம், கரிசலும் கருவேலமுமாய்க் கிடக்கும் அந்த வறண்ட பிரதேசத்தைக் காட்டி, ஒரு காலத்தில் இங்கே சமுத்திரம் அலையடித்தது என்று சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போவார். ஆனால், மழைவெள்ளம் அறுத்துச் சென்ற ஓடைக்கரையிலே அவரே சற்றுக் குனிந்து பார்ப்பாரேயானால், சிப்பியும் நத்தையும் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் கல்லாய்ச் சமைந்து மண்ணிலே சிதறிக் கிடப்பதைக் கண்டு வாயடைத்து நிற்பார்.

பாரத பூமி தென்கோளத்துப் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வந்த காலத்தில் அதன் கீழைக்கரை தாழ்ந்தது. அவ்விடத்தில் ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் புகுந்த கடல், பல தடவை முன்னேறியும் பின்வாங்கியும், நெடுங்காலம் இச்சீமையை ஆண்டது. பெரும்பகுதி சூரியவெளிச்சம் தரைவரை இறங்கும் ஆழமற்ற கடல்தான். ஆதலால் ஜீவராசிகள் மிகுந்து வாழ்ந்தன. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் பவளப் பூச்சிகளும் கடற்பாசிகளும் சேர்ந்து கட்டிய திட்டு. அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிற்பட்ட கல்லங்குறிச்சிக் கல்லோ, கிரைஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் படிந்ததனால் உண்டானது. கலியுக வரதராஜப் பெருமாளைச் சேவிக்க அவ்வூருக்கு வருகின்ற ஆயிரமாயிரம் பேரில், சுற்றுப்புறத்துப் பூமி முழுதும் சிப்பியால் ஆனது என்று நினைத்துப் பார்ப்பவர் அபூர்வம்.

இந்தச் சிப்பிகளை முதலில் முறையாகச் சேகரித்தவர்கள் சாஸ்திர பண்டிதர்கள் அல்லர். சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த கே, கன்லிஃப் என்னும் இரண்டு ஆங்கிலேயர்கள். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில் திரட்டியவற்றை அவர்கள் லண்டன் பூகர்ப்ப சங்கத்துக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் இந்த மண்ணை மிதிக்காமலே அவற்றை ஆராய்ந்து, 1846-இல் வெளியான அறிக்கையில், இவை ஐரோப்பாவின் கிரிட்டேஷியஸ் யுகத்துப் பாறைகளுக்கு இணையானவை என்று நிலைநாட்டினார். ஊர்ப்பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட வாய்ப்பில்லாத ஒருவர், அந்த ஊரின் வயதைக் கணித்துவிட்டார்!

பின்னர் இந்தியப் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட், 1857 தொடங்கி இப்பகுதியின் பாறைகளை ஆராய்ந்து, அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பாறையைப் படித்த இவரே பிற்காலத்தில் இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவராகவும் விளங்கினார். அவருக்குப் பின் வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, மொரேவியாவில் பிறந்து 1862-இல் கல்கத்தாவுக்கு வந்தவர். அவர் சிப்பிகள், நத்தைகள், அம்மோனைட்டுகள் என்று இனவாரியாக வகுத்துப் படங்களோடு எழுதிய பெருந்தொகுதிகளை இன்றும் புறக்கணித்து எவரும் இத்துறையில் ஒரு வரி எழுத இயலாது. அந்த உழைப்பாளி, யார்க்கண்ட் யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில், 1874-இல் லடாக்கிலே 36 வயதில் காலமானார்.  

கல்லை அழகுக்காகவும் ஜனங்கள் விரும்பியதுண்டு. கருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பிச் சுண்ணாம்புக்கல், இழைத்து மெருகேற்றினால் பளபளவென்று மின்னும்; நீலங்கலந்த சாம்பல் நிறத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சிப்பிகள் வெட்டுண்டு தெரியும்; நத்தை ஒன்று நெடுக்காக அறுபட்டிருந்தால் அதன் உள்ளறைகளும் நடுத்தண்டும் அப்படியே காணப்படும்; குறுக்காக அறுபட்டதோ வெறும் வட்டமாய் நிற்கும். வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கல்லன்று என்பதால் சாஸ்திரப்படி இது சலவைக்கல் ஆகாது. இருந்தும் 'திருச்சிராப்பள்ளி மார்பிள்' என்ற பெயரிலேயே மேஜைப் பலகையாகவும் காகிதங்களின் மேல் வைக்கும் பாரக்கல்லாகவும் துரைமார்களின் வீடுகளை அலங்கரித்தது. அழகுக்கல்லை வாங்க ஆள் சிலரே; சுண்ணாம்பை வாங்க ஊர் உலகமே உண்டு.

1939-இல் கல்லக்குடியில் சிமெண்டு ஆலை எழுந்தது.  அதன் பிறகு அரியலூர்ச் சுற்றுவட்டாரம் முழுவதும் ஆலைகள் பெருகின. கடற்கரையில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ரசாயனமே இங்கும் அடிப்படை. பழமையும் அளவும் வேறு. ஆலைகளுக்காகக் கல்லை வெட்டுவதால் பூர்வகாலச் சின்னங்கள் பொடியாகின்றன என்று புலம்புவோர் உண்டு. அது பாதி நியாயமே. பிளான்ஃபோர்டுக்குக் கிடைத்தவை ஓடைக்கரைகளும் மேட்டு வெளித்தோற்றங்களுமே. கல்லக்குடிக் குவாரியின் செங்குத்துச் சுவரிலோ, எந்தப் படிவத்தின்மேல் எந்தப் படிவம் அமர்ந்தது என்பதை இன்றைய மாணவன் ஒரே பார்வையில் வாசிக்கிறான். வெட்டாதிருந்தால் அந்தப் பக்கம் திறந்தே இராது. ஆகவே சுரங்கத்தை நிறுத்தச் சொல்வதைவிட, வேலை முடிந்த குழிகளில் ஒரு சுவரையாவது சரித்து மூடாமல், படிவங்கள் தெரியும்படி விட்டுவைக்கச் சட்டம் செய்வதே காரியத்துக்கு உதவும்.